கோடிட்ட இடத்தை நிரப்பப் போன இருவர்

ஒரு வீட்டில் ஒருவர் பரீட்சைக்குப் படித்தாலே மற்றவர்கள் பாடு திண்டாட்டம். அவளுக்கு வாய்த்ததோ இரண்டு பேர். ஒருவர் கணவர், இன்னொருவன் அடுத்த தெருவில் மனைவியோடு குடியிருக்கும் கூடப் பிறந்த தம்பி. இரண்டு பேரும் ஒரே நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர்கள். ஒருவர் ஷிப்ட் முடித்து இறங்கும்போது மற்றவர் ஏறுவார். போன தடவை மேற்பார்வையாளர் பதவிக்கான பரீட்சையைச் சேர்ந்தே எழுதி, ஒரே பகுதியில், ஒரே மாதிரி கோட்டை விட்டிருந்தார்கள்.

மோட்டார், வால்வு, குளோரின், தொட்டியின் நீர்மட்டம் என்று எதைக் கேட்டாலும் இருவரும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார்கள். அந்தப் பகுதியில் இருவருக்கும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் குடிநீர் வாரியத்தில் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு, மேற்பார்வையாளர் ஆகிறவனுக்கு மொழியும் வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால் 'வாக்கியத்தை நிறைவு செய்க' என்று ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு வாக்கியம், அதில் ஒரு கோடு, கீழே நாலு சொல். பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபத்தைந்தில் பதினைந்து சரியாக வராவிட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் ஆபரேட்டரின் பழைய இரும்பு நாற்காலிதான்.

அவள் ஒரு நாளிதழில் புரூஃப் பார்ப்பவள். காலையில் மக்கள் கையில் எடுக்கிற பேப்பரில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "உனக்கென்ன, சொல்லு எல்லாம் உன் தொழில். எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றார் கணவர். "ஆமாக்கா, நீ சொன்னா புரியும்" என்றான் தம்பி. அவள் சரி என்றாள். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பிறகு அவள் நினைக்காத நாளில்லை.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்தார்கள். பழைய வினாத்தாளிலிருந்து அவள் வாசித்தாள்.

"'கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்திருந்தாலும், அந்த அதிகாரி தன் கீழ் வேலை செய்பவர்களிடம், கோடு, நடந்துகொண்டார்.' கடுமையாக, கனிவாக, ஒழுங்காக..."

"ஒழுங்காக!" என்றான் தம்பி.

"இன்னும் ஒண்ணு வாசிக்கவே இல்லையேடா."

"இதுவே நல்லா இருக்கே. 'ஒழுங்காக நடந்துகொண்டார்'னு சொல்றதில்லையா?"

"சொல்றதுதான். இந்த வாக்கியத்துல சொல்லலாமான்னு பாரு."

கணவர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "எந்த டிபார்ட்மென்ட் அதிகாரி?"

"என்னங்க?"

"இல்ல, கண்டிப்பானவர்னு பேரு எடுத்திருக்காரே. பேரு சும்மா வருமா? நம்ம இன்ஜினியரையே எடுத்துக்கோ. கண்டிப்பானவர்னு பேரு. ஆளும் கடுமைதான். அதனால 'கடுமையாக'."

"இன்ஜினியரை எதுக்கு எடுக்கணும்? அவரை அங்கேயே விடுங்க. 'எடுத்திருந்தாலும்'னு இருக்கு பாருங்க. அந்த 'ஆலும்' எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கு? முன்பாதி ஒரு பக்கம் போனா பின்பாதி எதிர்ப்பக்கம் திரும்பும்னு சொல்றதுக்கு. கண்டிப்புக்கு எதிர்ப்பக்கம் என்ன?"

"கனிவு."

"அப்போ விடை?"

"கனிவுன்னு வரும். ஆனா அப்படி ஒரு ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லையே" என்றார் கணவர், அந்த வாக்கியத்தின் மீது ஆழ்ந்த சந்தேகத்தோடு.

நாளாக ஆக, இருவருடைய நோயும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தம்பிக்கு அவசரம். பாதி வாக்கியம் போதும், காதுக்கு இனிமையாக ஒரு சொல் கிடைத்தால் போதும், வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவான். கணவருக்கு யோசனை. வாக்கியத்தில் இல்லாத ஊர், உறவு, ஊழல் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து குடிவைப்பார். ஒருவன் வாக்கியத்துக்குள் நுழையவே மாட்டான். மற்றவர் நுழைந்தால் வெளியே வரமாட்டார். நடுவில் அவளுக்குத் தொண்டை கட்டியது.

விடைகளை ஒரு அட்டையால் மூடினாள். "முதல்ல வாக்கியத்தை மட்டும் படிங்க. கோட்டுல என்ன வரும்னு மனசுல ஒரு சொல்லை நீங்களே வைங்க. அப்புறம் அட்டையை எடுத்து, உங்க சொல்லுக்குக் கிட்ட எது இருக்குன்னு பாருங்க. முதல்லயே நாலு சொல்லையும் பார்த்தா நாலும் உங்களைப் பார்த்துக் கையசைக்கும்."

தம்பி அட்டையின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான். கணவர் ஒரு சொல் வைக்கச் சொன்னால் ஒரு பத்தியே வைத்தார். இரண்டு கோடு உள்ள வாக்கியங்கள் வந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

"ரெண்டையும் ஒண்ணா பார்க்காதீங்க. ஒரு கோட்டுக்கு எது பொருந்தாதுன்னு பார்த்து அதைத் தூக்கிப் போடுங்க. மிச்சம் இருக்கறதுல இன்னொரு கோட்டைப் பாருங்க" என்றாள்.

"முதல் கோடு பொருந்திடுச்சுன்னா ரெண்டாவதை எதுக்குப் பார்க்கணும்?" என்றான் தம்பி.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கணவர் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் ஒரு கைடு வாங்கி வந்தார். அட்டையில் தங்க நிறத்தில் 'உறுதியான வெற்றி' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு விடை சொன்னால், அவர் பின்பக்கம் புரட்டி, "புத்தகத்துல வேற போட்டிருக்கே" என்பார். அவள் வாங்கிப் பார்த்தாள். மூன்றாம் பயிற்சியின் விடைகளை நான்காம் பயிற்சிக்கும், நான்காவதின் விடைகளை மூன்றுக்கும் மாற்றி அச்சடித்திருந்தார்கள்.

"இது தப்புங்க. விடை எல்லாம் இடம் மாறியிருக்கு."

"அச்சடிச்ச புத்தகம் தப்பா இருக்குமா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அச்சடிச்சது எல்லாம் சரியா இருந்தா எனக்கு எதுக்குங்க மாசா மாசம் சம்பளம் தர்றாங்க?"

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கைடைக் கீழே வைக்கவில்லை.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. "'தவறைச் சுட்டிக்காட்டினால் கோபப்படுகிறவர், கோடு, வாய்ப்பை இழக்கிறார்'" என்று அவள் வாசித்தாள். 'திருந்தும்' என்பது விடை. அதைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம் தம்பி. "அட, அத்தானைப் பத்தியே கேள்வி வந்துடுச்சே!" என்றான்.

கணவர் பேனாவை மூடினார். "போன தடவை பாதித் தாளைப் படிக்காமலே கொடுத்துட்டு, வெளிய வந்து மரத்தடியில டீ குடிச்சவன் பேசறான்."

"நீங்க கடைசி மணி அடிக்கற வரைக்கும் உட்கார்ந்து என்ன கிழிச்சீங்க? ரெண்டு பேரும் ஃபெயில்தானே!"

"நான் யோசிச்சு ஃபெயில் ஆனேன்டா."

"நான் நேரத்தை மிச்சம் பண்ணி ஃபெயில் ஆனேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. கணவர் கைடை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். மேசையில் அட்டையும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள்.

வீட்டில் பேசாமல் இருந்தால் பரவாயில்லை. நிலையத்தில் ஷிப்ட் மாற்றும்போதும் இருவரும் பேசுவதை விட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவது என்று ஒரு ஏற்பாடு தானாக உண்டானது. அது ஓரளவு நன்றாகவே நடந்தது, அந்த வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை காலை கணவர் போனபோது தம்பி கிளம்பிவிட்டிருந்தான். பலகையில் இப்படி இருந்தது: 'இரண்டாம் மோட்டாரை ஓட்டலாம். ஆனால்'. அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊழியர் வண்டி ஹாரன் அடித்திருக்கிறது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

கணவர் பலகைக்கு முன்னால் நின்றார். ஆனால் என்ன? ஆனால் ஓட்டாதே என்றா? ஆனால் வால்வைப் பாதி மட்டும் திற என்றா? வோல்டேஜ் குறைந்தால் நிறுத்து என்றா? யோசிப்பது அவர் சுபாவம். இங்கே யோசிக்க நிறையவே இடம் இருந்தது. மச்சானுக்குப் போன் போடுவதா என்று ஒரு கணம் நினைத்து, போடமாட்டேன் என்று முடிவு செய்து, மனைவிக்குப் போட்டார்.

அவள் அலுவலகத்தில் ஞாயிறு மலரின் கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி 'ஆனால்'னு எழுதிட்டுப் போயிட்டான்."

"என்னங்க சொல்றீங்க?"

"'ஆனால்'. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"அவனையே கேட்க வேண்டியதுதானே?"

"நீ கேட்டுச் சொல்லு."

அவள் போன் போட்டாள். அவன் வண்டியில் தூங்கிவிட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, "ஆனால் என்னடா? எடுத்துத் தொலையேன்டா!" என்று போனைத் திட்டினாள். அவன் எடுத்தபோது காலை வேளை போய்விட்டிருந்தது. "ஆனால் பேரிங்கை அப்பப்போ தொட்டுப் பாருங்கன்னு எழுத வந்தேன்க்கா. லேசா சூடாகுது, அவ்வளவுதான். ஏன், என்ன ஆச்சு?"

ஆனதென்னவென்றால், கணவர் ஒரே மோட்டாரை மட்டும் ஓட்டியிருந்தார். மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஜனங்கள் வாரியத்துக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் இன்ஜினியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒருத்தனுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியல. இன்னொருத்தருக்கு முடியாத வாக்கியத்தை என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க ரெண்டு பேரும்தான் வாக்கியம் நிறைவு செய்யற பரீட்சை எழுதப் போறீங்களா?"

இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "தப்பு என்னுதுதான் அத்தான். முடிச்சிட்டுப் போயிருக்கணும்."

"எனக்கும் போன் பண்ண கை வரல" என்றார் கணவர்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். அவள் அட்டையை எடுத்து வைத்தாள். எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அதில் ஒரு சண்டை வரும்.

அதற்குப் பிறகு கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. வாக்கியத்தைக் கடைசிவரை விரல் வைத்துப் படிக்க வேண்டும் என்று தம்பிக்கு உத்தரவு. வாக்கியத்தில் இல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்று கணவருக்கு உத்தரவு. "விடை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கு. வெளிய தேடாதீங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'ஆகவே' வந்தால் அதே திசை, 'இருந்தும்' வந்தால் எதிர்த்திசை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் அலுவலகத்தில் ஆசிரியர், "தலைப்பு நல்லா இருக்கு, இருந்தும்..." என்று ஆரம்பித்தபோது அவள், "எதிர்த்திசை" என்று உரக்கச் சொல்லிவிட்டு விழித்தாள்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு எதிரே ஒரு கடை வாசலில் காத்திருந்தாள். இந்தத் தடவை தம்பியும் கடைசி மணி வரை உள்ளேயே இருந்தான். அதுவே அவளுக்குப் பாதி வெற்றியாகப் பட்டது. வெளியே வந்ததும் வராததுமாக இருவரும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயே சொல்லுக்கா. 'அவர் அதிகம் பேசாதவர். ஆகவே கூட்டத்தில் அவர் பேச எழுந்ததும் எல்லோரும், கோடு.' வியந்தனர், கவனித்தனர், கலைந்தனர், சிரித்தனர். நான் 'வியந்தனர்' போட்டேன்."

"நான் 'கவனித்தனர்'" என்றார் கணவர். "என்னைக்கும் பேசாத ஆள் எழுந்து நின்னா, என்ன சொல்லப் போறான்னு கவனிக்கத்தானே செய்வாங்க? வெளியில இருந்து நான் யாரையும் கொண்டுவரல. நீ சொன்னபடி 'ஆகவே'யைப் பார்த்துத்தான் போட்டேன்."

இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வாக்கியத்தை மனதில் ஒரு தடவை ஓட்டினாள். வியந்தனர், சரி. கவனித்தனர், அதுவும் சரி. மறுபடி ஓட்டினாள். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. இத்தனை நாள் விடை உள்ளேயே இருக்கிறது என்று இவர்கள் உயிரை எடுத்தது அவள்தான். இப்போது உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு விடை நிற்கிறது.

"எந்த மடையன் இந்தக் கேள்வியைப் போட்டான்?" என்று கேட்டாள்.

வாரியம் தற்காலிக விடைகளையும் மதிப்பெண்களையும் வெளியிட்டது. அந்தக் கேள்விக்கு 'வியந்தனர்' என்று போட்டிருந்தார்கள். மொழிப் பகுதியில் தம்பிக்குச் சரியாகப் பதினைந்து. கணவருக்குப் பதினான்கு.

ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மனு போடலாம் என்று கீழே இருந்தது. அதற்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: 'ஆட்சேபம் ஏற்கப்பட்டால் விடை மாற்றப்படலாம், அல்லது கேள்வி நீக்கப்படலாம்.' புரூஃப் பார்க்கிற கண்ணுக்கு எறும்பு எழுத்து தப்பாது. விடையை மாற்றினால் கணவர் உள்ளே, தம்பி வெளியே. கேள்வியை நீக்கினால் இருவரும் வெளியே. இரண்டு விடையும் சரி என்று வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வழி, விதி எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் வாரியத்துக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு விடையும் சரின்னு ஏத்துப்பீங்களா சார்?"

"நீங்க யாரும்மா?" என்றார் எழுத்தர்.

"பரீட்சை எழுதினவரோட மனைவி."

"மனைவி ஆட்சேபம் பண்ண முடியாது."

"பண்ணலை சார், கேட்கறேன்."

"கேட்கறதா இருந்தா மனுவுல கேளுங்க."

"மனுவுல 'விடை தவறு', 'கேள்வி தவறு'ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. கேட்கறதுக்கு இடமே இல்லையே."

"இடம் இல்லன்னா கேட்க முடியாதும்மா" என்றார் எழுத்தர், மிக நியாயமான ஒரு விஷயத்தை விளக்குகிறவர் போல.

கணவரிடம் மனுவைக் காட்டினாள். அவர் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார். "விடு."

"என்ன விடு? உங்க விடை சரிங்க. நானே சொல்றேன்."

"நான் தேறணும்னு அவன் மார்க்கைப் பிடுங்கணுமா? வேண்டாம். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

ஊர் பேர் தெரியாத ஒரு அதிகாரிக்காக ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியவர், தனக்காக ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவரோ குழாயடியில் நின்று நிதானமாக டிபன் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் பக்கம் பேசினால் தம்பி வயிற்றில் அடிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் இந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. வானிலைப் பத்தியில் 'மழை' என்பதற்குப் பதில் 'மலை பெய்யும்' என்று போய்விட்டது. ஆசிரியர் பேப்பரைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மனுவுக்குக் கடைசி நாள் மதியம், தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, இவர் என்ன செஞ்சு வெச்சிருக்கார் தெரியுமா? அந்தக் கேள்வி தப்புன்னு இவரே போய் மனு கொடுத்துட்டு வந்திருக்கார்! தேறினவர் யாராவது இப்படிச் செய்வாங்களா? நீங்களே வந்து கேளுங்க."

அவள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவன் எதிரில் போய் நின்றாள்.

"அறிவிருக்காடா உனக்கு? கீழ இருந்த வரியைப் படிச்சியா? வழக்கம்போலப் பாதியைப் படிச்சிட்டு ஓடினியா? கேள்வியை நீக்கினா உன் மார்க்கும் போயிடும்டா! விடையை மாத்தினாலும் போயிடும்!"

"படிச்சேன்க்கா."

"என்னத்தைப் படிச்சே?"

"அந்த வரியைத்தான். நாலு தடவை படிச்சேன். என் ஆயுசுல எதையும் நாலு தடவை படிச்சதில்ல."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான் விடையும் சரின்னு நீதானே சொன்னே" என்றான் அவன், சங்கிலியைச் சுற்றிக்கொண்டே. "நான் என்னமோ பெரிசா யோசிச்சுப் போட்டேன்னு நினைக்காதே. அந்த நேரம் கை வலிச்சுது, 'வியந்தனர்' முதல்ல இருந்துச்சு, போட்டேன். அவர் உட்கார்ந்து யோசிச்சுப் போட்டார். நான் தேறினேன், அவர் தேறல. அதே நிலையத்துல, நான் மேற்பார்வையாளர் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு அவருக்கு ஷிப்ட் போட்டுக் கொடுக்கறதா? எனக்கு முடியாதுக்கா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா அவர் வேண்டாம்னு சொல்லியிருப்பார். நீ அழுதிருப்பே. எதுக்கு?"

திட்டுவதற்கு வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வசவுகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி, "நல்லாக் கேளுங்க அண்ணி!" என்று குரல் கொடுத்தாள். "கேட்டுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கணவரிடம் சொன்னபோது வீடே அதிர்ந்தது. "யாரைக் கேட்டுப் போட்டான் அவன்? என் விஷயத்துல இவன் யாரு?" என்று அன்றே வாரியத்துக்கு ஓடினார், மனுவைத் திரும்ப வாங்க. எழுத்தர், போட்டவர்தான் திரும்ப வாங்க முடியும் என்றார். மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் போனார். போட்ட மனுவைத் திரும்பத் தர விதி இல்லை என்றார் அதே எழுத்தர். இருவரும் வாரிய வாசலில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

முடிவு வர வெகு நாள் ஆனது. அவள் அதை நினைப்பதையே விட்டுவிட்டிருந்த ஒரு மதியம் கணவர் போன் செய்தார்.

"கேள்வியை நீக்கிட்டாங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ ரெண்டு பேரும்..."

"இரு, முழுசாக் கேளு. நீக்கிட்டு, பரீட்சை எழுதின எல்லாருக்கும் அதுக்கு ஒரு மார்க் கொடுத்துட்டாங்க. எனக்குப் பதினஞ்சு. அவனுக்கும் பதினஞ்சு."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியைக் கூப்பிட வேண்டும், அவன் மனைவியைக் கூப்பிட வேண்டும் என்று மனது ஓடியது. அதற்குள் மறுமுனையில் குரல் ஏறியது.

"ஆனா இது என்ன நியாயம்? 'சிரித்தனர்'னு போட்டவனுக்கும் மார்க். ஒண்ணுமே போடாம காலியா விட்டவனுக்கும் மார்க். எங்க செக்ஷன்ல ஒருத்தன் அந்தக் கேள்வியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, அவனும் தேறிட்டான்! ரெண்டு விடையும் சரின்னு சொல்றதுக்கு என்ன கேடு? இதைப் பத்தி நான் வாரியத்துக்கு ஒரு..."

"போனை வைங்க" என்றாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். கணவர் கதவைத் திறந்து, அவனை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியக்காரா" என்றார். அவன் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டி வந்தார். சாப்பிட உட்காரும்வரை கையை எடுக்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் தம்பி சொன்னான், "எப்படிப் பார்த்தாலும் அத்தான், 'வியந்தனர்'தான் கொஞ்சம் கூடப் பொருத்தம்."

"எப்படி?" கணவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "'ஆகவே' இருக்குல்ல?"

"'ஆகவே' இருக்கறதாலதான் சொல்றேன்."

"மார்க் வந்தாச்சு. இன்னும் என்னங்க?" என்றாள் அவள்.

"மார்க் வேற, சரி வேற. நீ சொல்லு, எது சரி?" என்றார் கணவர். தம்பியும் அவளைப் பார்த்தான்.

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் சத்தம் குறையவே இல்லை. கீழே தெருக் குழாயில் யாரோ குடத்தை வைத்தார்கள். தண்ணீர் நன்றாக வேகத்தோடு வந்துகொண்டிருந்தது. அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.